69 நிமிடத்துக்கு ஒரு ‘டிக்’

காலமை ஐந்தரை மணிக்கு உரும்பிராய் மாமி தொலைபேசி எடுத்தார். “தம்பி, உன்ரை பெட்டிக்குள்ளை கிறீச் கிறீச்செண்டு சத்தம் கேக்குது. கை வைக்கப் பயமாக் கிடக்கு. ஒருக்கா வந்து பார்.”

“வயரைக் கழட்டி விடுங்கோ மாமி, இப்ப வாறன்” என்று சொல்லிவிட்டுக் கோண்டாவிலிலிருந்து சைக்கிளை மிதித்தேன். கார்த்திகை மாதம். இரவு முழுக்க மழை பெய்து ஒழுங்கைகளில் வெள்ளம் நின்றது. கரண்ட் நாலைந்து தரம் போய்ப் போய் வந்ததும் எனக்குத் தெரியும். அதற்கும் மாமியின் முட்டை பொரிக்கும் பெட்டிக்கும் என்ன தொடர்பு என்பதுதான் அப்போது தெரியாது.

பெட்டியைத் திறந்தேன். முட்டைத் தட்டு ஒரு பக்கமாக இழுபட்டுக் கிட்டத்தட்டச் செங்குத்தாக நின்றது. தட்டைத் தள்ளும் மரைக் கம்பியின் நுனிவரை நட் ஓடிப்போய், அதற்கு மேல் போக வழியில்லாமல் பலகையைப் பிய்த்திருந்தது. நான்கு முட்டைகள் கீழே விழுந்து உடைந்து கிடந்தன. மற்றவை கம்பி வலையில் சிக்கித் தப்பியிருந்தன. ஒவ்வொரு முட்டையிலும் மாமி பென்சிலால் திகதி எழுதியிருந்தார். ஒரு வாரமாக ஊர்க்கோழி முட்டைகளில் பருமனும் வடிவும் பார்த்துத் தெரிந்தெடுத்துச் சேர்த்தவை. பெட்டியில் வைத்து அன்றைக்கு ஐந்தாம் நாள். உடைந்த ஒன்றில் மஞ்சள் கருவின் மேல் சிவப்பு நரம்புகள் சிலந்தி வலைபோலப் படரத் தொடங்கியிருந்தன.

மாமி என்னை ஒரு வார்த்தை பேசவில்லை. உடைந்ததைச் சிரட்டையில் அள்ளிக்கொண்டே, “சரி, மிச்சம் முப்பத்திரண்டு கிடக்கு. அதைக் காப்பாத்துவம்” என்றார்.

அந்த நான்கு முட்டைகளும் ஏன் உடைந்தன என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சின்ன மோட்டர் ஒன்றை நேரம் வைத்து இரண்டு பக்கமும் ஓடவிடுவது சுலபமான வேலை என்று நினைத்துத்தான் தொடங்கினேன். எங்கே பிழைத்தது, எப்படித் திருத்தினேன் என்பது இதே வேலையில் கை வைக்கும் வேறு யாருக்காவது பயன்படும்.

முதலில் முட்டை விஷயம். அடைக்கோழி தன் முட்டைகளை நாள் முழுக்க அலகால் புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாமல் விட்டால் வளரும் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். கோழிமுட்டை பொரிக்க 21 நாள். அதில் 18ஆம் நாள் வரைக்கும் புரட்ட வேண்டும், பிறகு தொடக்கூடாது. மாமியின் பெட்டி மீன் கடையில் வாங்கிய பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டிதான். உள்ளே ஒரு குண்டு பல்ப், பழைய கணினியின் விசிறி, 37.5 பாகைச் செல்சியஸ் வெப்பத்தில் பல்பை அணைத்து ஏற்றும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. முட்டையை அவர் கையால்தான் புரட்டிவந்தார். இரவு இரண்டு மணிக்கும் எழும்புவார். முழங்கால் வருத்தம் கூடிய பிறகு அது முடியவில்லை. முட்டைகளைக் கூர்ப்பக்கம் கீழே இருக்க நிறுத்தி, தட்டை இந்தப் பக்கம் 45 பாகை, அந்தப் பக்கம் 45 பாகை சரித்தால் புரட்டியதற்குச் சமம். அதைச் செய்ய ஒரு மோட்டர் வேண்டும்.

“ஒரே பக்கமாச் சுத்துற மோட்டரிலை ஒரு தண்டு பூட்டினால் தட்டு தானா ஆடும்தானே மாமா, ஏன் திருப்பிறியள்?” என்று கேட்டான் அக்காவின் மகன். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறான். கேள்வி சரியானது. சைக்கிள் பெடல் ஒரே பக்கம் சுற்ற, முழங்கால் ஏறி இறங்குவது போலத்தான் கடையில் விற்கும் பல பெட்டிகள் வேலை செய்கின்றன. ஆனால் அதற்கு மிக மெதுவாகச் சுற்றும், பாரம் தாங்கும் மோட்டர் வேண்டும். என்னிடம் இருந்தது நிமிடத்துக்கு 60 சுற்றுச் சுற்றும் 12 வோல்ற் கியர் மோட்டர். அதன் தண்டில் 6 மில்லிமீற்றர் மரைக் கம்பி ஒன்றைப் பூட்டினேன். அந்த மரையில் ஒரு சுற்றுக்கு நட் ஒரு மில்லிமீற்றர் நகரும். ஆக, ஒரு செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றர். தட்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சரிய 45 மில்லிமீற்றர் போதும். இன்னொரு நன்மையும் இருக்கிறது: மரைக் கம்பி தானாகப் பின்னுக்குச் சுற்றாது. கரண்ட் போனாலும் தட்டு எந்தச் சரிவில் நின்றதோ அந்தச் சரிவிலேயே நிற்கும். முட்டை நிறைந்த தட்டுக்கு இந்தக் குணம் மிகத் தேவை. அதற்காகத்தான் மோட்டரைத் திருப்பும் வேலையை ஏற்றுக்கொண்டேன்.

மோட்டரைத் திருப்புவது எப்படி என்று கேட்டால் எவரும் வயர் இரண்டையும் மாற்றிக்கொடு என்பார்கள். எல்லா மோட்டருக்கும் அது பொருந்தாது. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கார்கள் வாடகைக்கு ஓடிய காலம் பலருக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு காரிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டர் ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. நல்ல பாரமான சாமான். பற்றரியில் கொடுத்தேன், ஓடியது. வயரை மாற்றிக் கொடுத்தேன், அதே பக்கம்தான் ஓடியது. திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்தேன், அது கேட்கவில்லை. கழற்றிப் பார்த்தபோது உள்ளே காந்தக் கட்டி இல்லை, சுற்றிக்கட்டிய செம்புச் சுருள் இருந்தது. வயரை மாற்றும்போது நடுவில் சுழலும் சுருளிலும் மின்னோட்டம் மாறுகிறது, வெளியில் காந்தமாக நிற்கும் சுருளிலும் மாறுகிறது. இரண்டும் சேர்ந்து மாறினால் திசை மாறாது. நிலைக்காந்தம் வைத்த மோட்டர்தான் வயரை மாற்றினால் திரும்பும். புதுக் கார்களின் வைப்பர் மோட்டர்களில் காந்தம் இருக்கும். ஆனால் பலவற்றில் மறை முனையை மோட்டரின் உடம்போடேயே சேர்த்திருப்பார்கள். திருப்பினால் உடம்பு முழுக்க 12 வோல்ற் வந்து நிற்கும். அதைத் தெரியாமல் இரும்புச் சட்டத்தில் பூட்டக்கூடாது.

பழைய கசற் றெக்கோடர் மோட்டரும் இதற்குச் சரிவராது. வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் சின்னச் சுற்று ஒன்று பலவற்றின் உள்ளேயே இருக்கிறது. அதற்கு நேர், மறை மாறக்கூடாது. சின்ன வயதில் அப்படி ஒன்றைப் பழுதாக்கியிருக்கிறேன்.

அந்தச் சின்ன வயதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மோட்டரைப் பற்றி நான் படித்த முக்கியமான பாடம் அப்போது படித்தது. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபின் குடாநாட்டில் கரண்ட் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து நான்கு டயோட் (மின்னோட்டத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் பாகம்) வழியாக றேடியோவுக்குக் கொடுப்போம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். எங்கள் அண்ணா ஒரு நாள் விளையாட்டுக் கார் மோட்டர் ஒன்றின் இரண்டு முனைகளையும் ஊசி மீற்றரில் கொழுவினார். தண்டில் நூலைச் சுற்றி விசுக்கென்று இழுத்தார். ஊசி வலப்பக்கம் பாய்ந்தது. நூலை மறுபக்கமாகச் சுற்றி இழுத்தார். ஊசி இடப்பக்கம் போய் மோதியது. “கரண்ட் குடுத்தா மோட்டர், சுத்தினா டைனமோ. ரெண்டும் ஒண்டுதான்” என்றார். அந்த ஊசி பாய்ந்த பாய்ச்சல் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டர் அந்த நேரத்திலேயே டைனமோவாகவும் இருக்கிறது. நாம் கொடுக்கும் 12 வோல்ற்றுக்கு எதிராக அது தானும் ஒரு வோல்ற்றை உண்டாக்கி எதிர்த்து நிற்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பின் மின்னியக்கவிசை என்று படித்தது இதைத்தான். என் கியர் மோட்டரின் சுருள் 6 ஓம். சாதாரணமாக ஓடும்போது கால் அம்பியர்தான் எடுத்தது. கால் அம்பியரை 6ஆல் பெருக்கினால் ஒன்றரை வோல்ற். அப்படியானால் மிச்சப் பத்தரை வோல்ற்றை மோட்டரே எதிராக உண்டாக்குகிறது. நின்ற நிலையிலிருந்து தொடங்கும்போது அந்த எதிர்ப்பு இல்லை. 12ஐ 6ஆல் பிரித்தால் 2 அம்பியர் பாயும், ஒரு கணத்துக்கு. சரி, முழு வேகத்தில் ஓடும்போது சட்டென்று வயரை மாற்றினால்? இதுவரை எதிர்த்து நின்ற பத்தரை வோல்ற் இப்போது நம்மோடு சேர்ந்துவிடுகிறது. இருபத்திரண்டரை வோல்ற், 6 ஓம்: கிட்டத்தட்ட மூன்றே முக்கால் அம்பியர். ஓடும்போது எடுத்ததைப் போலப் பதினைந்து மடங்கு. இருட்டில் மோட்டரின் பின்பக்கத் துவாரத்தால் பாருங்கள், சுழலும் சுருளுக்கு மின் கொடுக்கும் கரித்துண்டு தொடும் இடத்தில் நீலப் பொறி சீறும். வயரை மாற்றிக் கொடுக்கும் ரிலேயின் (மின்னால் இழுபடும் சுவிச்) முனைகளிலும் அதே பொறி. கியரின் பற்களும் அந்த அடியைத் தாங்க வேண்டும்.

நான் முதலில் செய்த சுற்று, ஒவ்வொரு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் இந்த அடியை மோட்டருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சுற்று இப்படி: நேரத்துக்கு 555. 1971இல் ஹான்ஸ் காமென்சின்ட் என்ற பொறியியலாளர் வரைந்து, 1972இல் சிக்னெற்றிக்ஸ் நிறுவனம் விற்கத் தொடங்கிய ஐசி, அதாவது முழுச் சுற்றையும் ஒரே சில்லுக்குள் அடக்கிய பாகம். இன்றைக்கும் பாகங்கள் விற்கும் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். உள்ளே ஒரே அளவான மூன்று றெசிஸ்ரர்கள் (மின்தடைகள்) 12 வோல்ற்றை 4, 8 என்று பங்கிடுகின்றன. வெளியே நாம் வைக்கும், மின்னைச் சேர்த்து வைக்கும் கப்பாசிற்றர் 8 வோல்ற் வரை நிரம்பினால் வெளியீடு அணையும். 4 வரை இறங்கினால் திரும்ப ஏறும். 10 கிலோ ஓம், 680 கிலோ ஓம் றெசிஸ்ரர்களும் 100 மைக்ரோபரட் கப்பாசிற்றரும் வைத்தேன். கணக்கின்படி 47 செக்கன் ஏற்றம், 47 செக்கன் இறக்கம். வெளியீடு ஒரு எட்டுக் கால் ரிலேயை இழுக்கும், ரிலே மோட்டரைத் திருப்பும். மோட்டர் ஓய்வில்லாமல் போய் வரும். மேசையில் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். அழகாகப் போய் வந்தது. அன்று பின்னேரமே கொண்டுபோய் மாமியின் பெட்டியில் பூட்டிவிட்டு வந்தேன்.

உடைந்த முட்டைகளைப் பார்த்தபின் அதே சுற்றைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்து, கையில் நேரமானி வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்தேன். இரண்டு பிழை தெரிந்தது.

முதலாவது சின்னது. கப்பாசிற்றர் நிரம்பும்போது 10 கிலோவும் 680 கிலோவும் சேர்ந்து வழிவிடுகின்றன, இறங்கும்போது 680 மட்டும். அதனால் ஏற்றம் 47.8 செக்கன், இறக்கம் 47.1. வித்தியாசம் 0.7 செக்கன்தானே என்று விட்டிருந்தேன். ஆனால் அது ஒவ்வொரு சுற்றிலும் சேர்கிறது. ஒரு முறை போய் வர 95 செக்கன். ஒரு மணித்தியாலத்தில் 38 தரம். நட் மணித்தியாலத்துக்கு 26 மில்லிமீற்றர் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறது. பத்து நிமிடத்தில் நான்கு மில்லிமீற்றர், என் கண்ணுக்கு அது படவில்லை. மாமியின் பெட்டியில் பூட்டிய சில மணித்தியாலத்திலேயே அது அந்தத்தில் போய்த் தட்டத் தொடங்கியிருக்கும்.

இரண்டாவதுதான் பலகையைப் பிய்த்தது. கப்பாசிற்றர் 4க்கும் 8க்கும் இடையில் ஏறி இறங்குவது வழக்கமான ஓட்டத்தில். கரண்ட் சில நிமிடம் போனால் அது வெறுமையாகிவிடும். கரண்ட் வந்ததும் பூச்சியத்திலிருந்து 8 வரை நிரம்ப வேண்டும். அதற்கு 76 செக்கன் எடுக்கிறது. வழக்கத்தைவிட 28 செக்கன் கூட, அதாவது 28 மில்லிமீற்றர் கூட. அதுவும் ஒவ்வொரு தரமும் அதே பக்கத்துக்கே. அந்தத்தில் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்த நட்டை, மழை இரவில் கரண்ட் வந்த ஒவ்வொரு தரமும் மோட்டர் தன் முழுப் பலத்தோடு தள்ளியிருக்கிறது.

நான் செய்த அடிப்படைப் பிழை என்னவென்றால், எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதையும் நேரத்தைக் கொண்டே அளக்க நினைத்தது. வோல்ற் கொஞ்சம் இறங்கினால் மோட்டரின் வேகம் மாறும். தட்டில் முட்டை குறைந்தால் மாறும். 100 என்று எழுதிய கப்பாசிற்றர் உண்மையில் 120 ஆக இருக்கலாம். இதெல்லாம் மாறும்போது நேரம் மட்டும் மாறாமல் இருந்து என்ன பயன்? எப்போது திரும்ப வேண்டும் என்று சொல்ல நேரத்தால் முடியும். எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல, நிற்க வேண்டிய இடத்திலேயே ஒரு காவல் வேண்டும்.

அந்தக் காவல் ஒரு மைக்ரோ சுவிச். பள்ளிக்கூடத்தில் ஆளி என்று படித்தோம், கடையில் சுவிச் என்றுதான் கேட்க வேண்டும். நாக்குப் போன்ற தகட்டை அமத்தினால் ‘கிளிக்’ என்று விடும். தட்டின் இரண்டு அந்தங்களிலும் ஒவ்வொன்றாக வைத்தேன். இரண்டையும் மோட்டருக்குப் போகும் வயரில் ஒன்றன் பின் ஒன்றாகக் கோர்த்தேன், அமத்தினால் வழி அறுபடும் விதமாக. தட்டு அந்தத்தைத் தொட்டதும் மோட்டர் நிற்கும். சரி, நின்ற பிறகு திரும்பி வருவது எப்படி? சுவிச் இன்னும் அமத்துப்பட்டபடிதானே இருக்கிறது, வழி அறுந்துதானே கிடக்கிறது?

இதற்கு ஒரு டயோட் போதும். ஒவ்வொரு சுவிச்சின் மேலும் குறுக்காக ஒரு டயோட். தட்டை அந்தப் பக்கம் கொண்டுவந்த மின்னோட்டத்தை டயோட் விடாது, எதிர்ப்பக்க மின்னோட்டத்தை விடும். ரிலே திசையை மாற்றியதும் மின்னோட்டம் டயோட் வழியாகப் பாயும், மோட்டர் நகரும், ஒரு செக்கனுக்குள் தட்டு சுவிச்சை விட்டுவிடும், பிறகு சுவிச்சே வழியைக் கொடுக்கும். மற்றச் சுவிச்சின் டயோட் எதிர்மாறாக நிற்கும். தொடக்கத்தில் 2 அம்பியர் பாயும் என்பதால் 1 அம்பியர் தாங்கும் 4007 டயோட்டுக்குப் பதில் 3 அம்பியர் தாங்கும் 5408 போட்டேன். நான் பார்த்த சின்னச் சுற்றுகளுக்குள் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். கணக்கு இல்லை, ஐசி இல்லை. இரண்டு சுவிச்சும் இரண்டு டயோட்டும் வேலியில் வைத்த கடப்புப் போல வேலை செய்கின்றன.

இதோடு இன்னொரு சிக்கலும் தானாகத் தீர்ந்தது. ரிலே மாறும் நேரத்தில் மோட்டர் அந்தத்தில் நின்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஓடும் மோட்டரைச் சட்டென்று திருப்பும் பேச்சே இல்லை. 3.75 அம்பியர் இல்லை, பொறி இல்லை. அந்தச் சுவிச் வைக்க இடமில்லாத வேலைகளும் உண்டு. அவற்றுக்கு இரண்டு தனி ரிலே வைத்து, இரண்டும் தூங்கும்போது மோட்டரின் இரு முனைகளும் மறையிலேயே இருக்கும்படி கோர்ப்பது நல்லது. ஒரு ரிலே இழுத்தால் ஒரு பக்கம், மற்றது இழுத்தால் மறுபக்கம், இரண்டும் தூங்கினால் மோட்டர் தன் டைனமோக் குணத்தாலேயே தன்னை நிறுத்திக்கொள்ளும். தவறி இரண்டும் ஒன்றாக இழுத்தாலும் பற்றரி குறுக்குப்படாது.

என் வேலைக்கு எட்டுக் கால் ரிலே ஒன்று போதும். அதைக் கவிழ்த்துப் பிடித்தால் இரண்டு கால்கள் சுருளுக்கு. மிச்ச ஆறும் மூன்று மூன்றாக இரண்டு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பொது முனை. ரிலே தூங்கும்போது அது ஒன்றைத் தொட்டிருக்கும், இழுக்கும்போது மற்றதைத் தொடும். பொது முனைகள் இரண்டும் மோட்டருக்கு. முதல் வரிசையின் தூங்கும் முனையும் இரண்டாம் வரிசையின் இழுக்கும் முனையும் சேர்ந்து நேருக்கு. மற்ற இரண்டும் சேர்ந்து மறைக்கு. ஈயம் பற்றவைத்து முடிந்ததும் இரண்டு வயர்கள் பெருக்கல் குறி போலக் குறுக்கே கிடக்கும். அந்தக் குறியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பற்றரியைக் கொழுவ வேண்டும். ஒரு கால் மாறினாலும் நேரும் மறையும் ரிலேக்குள் நேராகச் சந்திக்கலாம்.

நேரத்துக்கு இந்த முறை 555ஐ விட்டுவிட்டேன். ஒரு மணித்தியாலத்தை 555இல் எடுக்கப் பெரிய மின்பகு கப்பாசிற்றர் வேண்டும். பெரிய கப்பாசிற்றர்கள் கசியும். ஒரு பக்கத்தால் நிரப்ப மறுபக்கத்தால் ஒழுகினால் நேரம் எப்படிச் சரிவரும்? 4060 என்ற ஐசி இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. தானே துடிப்புகளை உண்டாக்கி, தானே அவற்றைப் பதினான்கு படிகளில் இரண்டிரண்டாகப் பிரிக்கும். 1 மெகா ஓம் றெசிஸ்ரரும் 0.22 மைக்ரோபரட் பொலியெஸ்ரர் கப்பாசிற்றரும் வைத்தால் ஒரு துடிப்பு அரைச் செக்கன் அளவு. கடைசிப் படியின் வெளியீடு 3ஆம் காலில் வருகிறது. அது 8192 துடிப்புக்கு ஒரு தரம் மாறும். பெருக்கிப் பார்த்தால் 69 நிமிடம். ஒரு நாளைக்கு இருபது தரத்துக்கு மேல் முட்டை புரளும். கப்பாசிற்றர் சுண்டுவிரல் நகத்தளவுதான், கசிவதும் இல்லை.

4060ஆல் ரிலேயை நேரடியாக இழுக்க முடியாது. என் ரிலேயின் சுருள் 400 ஓம், 30 மில்லி அம்பியர் கேட்கிறது. நடுவில் சின்ன மின்னோட்டத்தால் பெரியதைத் திறந்துவிடும் ஒரு பீசி547 ட்ரான்சிஸ்ரர், அதைத் திறக்கும் காலான பேஸில் 10 கிலோ ஓம். சுருளின் மேல் 4007 டயோட், கோடு போட்ட பக்கம் நேருக்கு. இதை விடவே கூடாது. சுருளில் ஓடும் மின்னோட்டத்தை அறுத்ததும் அது வழி தேடிப் பல மடங்கு வோல்ற்றாகத் துள்ளும், ட்ரான்சிஸ்ரர் அந்தக் கணத்திலேயே போய்விடும். 4060இன் எண்ணிக்கையைப் பூச்சியமாக்கும் 12ஆம் காலில் 0.1 மைக்ரோபரட்டை நேருக்கும் 100 கிலோ ஓமை மறைக்கும் கொடுத்தேன். கரண்ட் வரும்போதெல்லாம் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கும், ரிலே தூங்கிய நிலையில் இருக்கும், தட்டு ஒரே அந்தத்துக்குப் போய் நிற்கும். ஆனால் கரண்ட் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் போய் வந்தால் தட்டு அந்தப் பக்கத்தை விட்டு வராதே. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யார் மறப்பார்? அதனால் இந்தச் சுற்றை முழுக்க முழுக்க ஒரு 12 வோல்ற் மோட்டார் சைக்கிள் பற்றரியில் விட்டேன். கரண்ட் இருக்கும்போது சார்ஜர் பற்றரியை நிரப்பும். பல்ப் அணைந்தாலும் புரட்டுவது நிற்காது.

பரீட்சித்துப் பார்க்க 69 நிமிடம் காத்திருக்கத் தேவையில்லை. 0.22க்குப் பதில் 1 நானோபரட் வைத்தால் 19 செக்கனில் மாறும். நான் அப்படி வைத்துப் பார்த்தபோது எண்ணிக்கை இடையில் குழம்பியது. மோட்டர் ஓடும் நேரத்தில் மட்டும்தான் குழப்பம். கரித்துண்டுகளின் பொறிதான் காரணம். மோட்டரின் முனைகளுக்கு நடுவே 0.1 மைக்ரோபரட் செரமிக் ஒன்று, ஐசியின் கால்களுக்குப் பக்கத்தில் இன்னொன்று, அதோடு ஒரு 100 மைக்ரோபரட். குழப்பம் நின்றது. அந்த முறை பத்து நிமிடத்தோடு எழும்பவில்லை. தட்டில் முட்டைக்குப் பதில் அளவான கற்களை நிரப்பி, 19 செக்கனில் விட்டால் தட்டு 45 மில்லிமீற்றர் போய்ச் சேராது என்பதால் கப்பாசிற்றரை 4.7 நானோபரட்டாக மாற்றி, ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தரம் திரும்பும்படி இரண்டு நாள் இரவு பகலாக ஓடவிட்டேன். இடைக்கிடை வேண்டுமென்றே பற்றரியைக் கழற்றிக் கழற்றிக் கொழுவினேன். அந்தத்தைத் தாண்டி ஒரு தரமும் போகவில்லை.

மருமகன் வந்து பார்த்துவிட்டு, “ஆர்டுயினோ போட்டா இதெல்லாம் பத்து வரியிலை முடியும் மாமா” என்றான். ஆர்டுயினோ என்பது நிரல் எழுதி ஓட்டும் சின்னக் கணினிப் பலகை. முடியும். நேரத்தை மாற்றுவதும் சுலபம், 18ஆம் நாள் தானாக நிறுத்தவும் சொல்லலாம். அவன் அதைச் செய்து பார்க்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. “செய், ஆனா அந்த ரெண்டு சுவிச்சையும் டயோட்டையும் மட்டும் கழட்டாதை” என்றேன். நிரல் குழம்பி நின்றாலும் தட்டை நிறுத்த அந்தத்தில் ஒன்று இருக்க வேண்டும். அவன் கொஞ்ச நேரம் டயோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு தாளை எடுத்து மின்னோட்டம் போகும் வழியைத் தானே வரைந்து பார்த்தான். இரண்டாம் தரம் வரைந்தபோது அவன் முகம் மாறியதைக் கண்டேன். அண்ணாவின் ஊசி மீற்றரைப் பார்த்தபோது என் முகமும் அப்படித்தான் மாறியிருக்கும்.

இந்த வேலை முடிய ஐந்து நாள் எடுத்தது. அந்த ஐந்து நாளும் மாமி கையால் புரட்டினார், இரவு முறைக்கு நான் போய் நின்றேன். பத்தாம் நாள் பின்னேரம் புதுச் சுற்றைப் பூட்டினோம். பெட்டி குசினிக்குப் பக்கத்து அறையில் இருந்ததால் ரிலே மாறும் ‘டிக்’ விறாந்தை வரைக்கும் கேட்கும். அதன் பிறகு 45 செக்கன் மோட்டரின் மெல்லிய இரைச்சல், பிறகு அமைதி. இரண்டாம் நாளே மாமிக்கு அது பழகிவிட்டது. அரிசி களையும்போது தலையை நிமிர்த்தாமலே, “இப்ப திரும்புது” என்பார்.

18ஆம் நாள் தட்டைச் சமநிலைக்குக் கொண்டுவந்து மோட்டரின் வயரை மட்டும் கழற்றினேன். பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணம் ஒன்றைக் கூட வைத்தோம். 20ஆம் நாள் இரவு முதல் ஓட்டில் சின்ன வெடிப்பு. 21ஆம் நாள் மத்தியானத்துக்குள் 32இல் 24 பொரித்தன. ஈரம் காயாத குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்க, அவற்றின் சத்தத்துக்கு நடுவே ரிலே ஒரு தரம் ‘டிக்’ என்றது. மோட்டர் இல்லாமலே அது மூன்று நாளாக மாறிக்கொண்டிருந்திருக்கிறது, பற்றரியைக் கழற்ற எனக்கு நினைவு வரவில்லை.

கழற்றக் கையை நீட்டினேன். “விடு தம்பி” என்றார் மாமி. “அது கிடக்கட்டும். நாளைக்கு அடுத்த முட்டை வைக்கப் போறன்.”